மூன்றாம் நாளும் நிற்காத விக்கல்

விக்கலை நோய் என்று எவரும் எண்ணுவதில்லை. காரம் மிகுந்தாலும், அவசரமாய் விழுங்கினாலும், வயிறு முட்ட உண்டாலும் விக்கல் எழுகிறது. இரண்டு மிடறு தண்ணீர் உள்ளே சென்றதும் அடங்கிவிடுகிறது. "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரிப்பதோடு நம் வீடுகளில் அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அதே விக்கல் இரவெல்லாம் தொடர்ந்து, மறுநாளும் நீடித்து, மூன்றாம் நாளும் விடாமல், படுத்திருப்பவர் வயது முதிர்ந்தவராகவும் இருந்துவிட்டால் வீட்டின் முகமே மாறிப்போகிறது. சிரித்த வாய்கள் மூடிக்கொள்கின்றன. "இது போகிற விக்கல்" என்று மூதாட்டி ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்வார். வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் செய்தி போகும்.

இந்த அச்சம் நேற்றுப் பிறந்ததன்று. நிலையாமையைப் பற்றிப் பேச வந்த திருவள்ளுவரே, உயிர் பிரியும் வேளையின் அடையாளமாக விக்கலைத்தான் எடுத்துக் காட்டுகிறார். ஆகவே நம்மிடையே விக்கலைப் பற்றி இரண்டே எண்ணங்கள் நிலவுகின்றன எனலாம். ஒன்று, அது விளையாட்டு. மற்றொன்று, அது முடிவு. இவ்விரண்டும் ஒருசேரச் செய்யும் தீங்கு என்னவென்றால், நோயாளியை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டிய நாட்களை வீணாக்கிவிடுவதுதான். நிற்காத விக்கல் பெரும்பாலும் உடலுக்குள் வேறெங்கோ இருக்கும் கோளாறு அனுப்பும் தூது. அக்கோளாறுகளுள் பலவும் தீர்க்கக் கூடியவை.

பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறோம். தமிழகமும் ஆந்திரமும் பங்கிட்டுக்கொள்ளும் இந்த உவர்நீர் ஏரி, இந்திய நாட்டில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பாகும். மகிமை மாதா கோயிலையும், 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் அடையாளங்களையும் காண வருவோர் பலர். அங்கு வாழ்பவர்களுக்கோ ஏரி என்பது வேடிக்கையன்று, அன்றாட உணவு. ஏரியில் இன்ன இடத்தில் இன்னார் இந்த நாளில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாடு அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. தம் பாடு வரும் நாளை எவரும் எளிதில் இழக்க மாட்டார். காய்ச்சலையும் வயிற்றுவலியையும்கூட மறுநாளைக்குத் தள்ளிவைக்கும் உழைப்பாளி, விக்கலுக்காகவா பொன்னேரிக்குப் பேருந்து ஏறுவார்? ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. பொன்னேரி அரசு மருத்துவமனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம். சென்னையின் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ ஒரு பகற்பொழுதை ஒதுக்கியாக வேண்டும். நீர் சூழ்ந்த திட்டுகளில் இருப்போர் அதற்கும் முன்னே படகேற வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற சொல் இத்தகைய இடங்களில் மிக எளிதாக வாயில் வந்துவிடுகிறது.

விக்கல் என்பது எப்படி உண்டாகிறது? நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே, கவிழ்த்து வைத்த கிண்ணத்தைப் போன்று ஒரு தசைத் தகடு இருக்கிறது. உதரவிதானம் என்பது அதன் பெயர். நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது அது கீழே இறங்குகிறது. வெளியே விடும்போது மேலே எழுகிறது. இதனை இயக்கும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தில் புறப்பட்டு, நுரையீரல்களுக்கு நடுவே, இதயத்தை ஒட்டி இறங்கி வருகின்றன. இவற்றோடு, மூளையிலிருந்து காது, தொண்டை, நெஞ்சு, வயிறு என எங்கும் கிளை விட்டுச் செல்லும் வேகஸ் என்னும் நரம்பும் சேர்ந்துகொள்கிறது. இந்த நெடிய பாதையில் எங்கேனும் உறுத்தல் ஏற்பட்டால் உதரவிதானம் திடீரெனச் சுண்டி இழுக்கிறது. காற்று உள்ளே பாய்கிறது. ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு அளவான நேரத்திற்குள் குரல்வளை படக்கென்று மூடிக்கொள்கிறது. அந்த மூடலின் ஓசையே 'விக்' என்று நம் செவியில் விழுகிறது.

இதனால் உடலுக்கு என்ன பயன் என்று கேட்டால் திட்டமான விடை இல்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கும் விக்கல் வருகிறது. தவளைக்குஞ்சு நீரைச் செவுள் வழியே தள்ளி மூச்சு விடும் முறையை இது ஒத்திருக்கிறது என்றும், தொல்பழங்கால உயிர்களிடமிருந்து நமக்கு வந்த மிச்சமாக இருக்கலாம் என்றும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் சிலர் 2003-இல் எழுதினர். மீனின் செவுளை நாள்தோறும் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கருத்து சுவையாகவே இருக்கும்.

சாதாரண விக்கலுக்கு நம் வீட்டு வைத்தியமே போதும். மூச்சை அடக்கினால் இரத்தத்தில் கரியமில வாயு கூடி விக்கல் தணிகிறது. ஏழு மிடறு தண்ணீரைத் தொடர்ந்து விழுங்குவது வேகஸ் நரம்பைத் திசை திருப்புகிறது. இவை உலகெங்கும் உள்ள முறைகளே. பிளேட்டோ எழுதிய 'விருந்து' என்னும் நூலில், விக்கல் கண்ட நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டாபனிசுக்கு உடனிருந்த மருத்துவர் மூன்று வழிகளைக் கூறுகிறார்: மூச்சை அடக்கு, தண்ணீரால் கொப்பளி, அதற்கும் நிற்காவிடில் மூக்கைக் கிளறித் தும்மு. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் அதற்கப்பால் அதிகம் போய்விடவில்லை. ஒரு கரண்டி சர்க்கரையை உலர்ந்தபடியே விழுங்கச் சொல்லும் பாட்டிமார் வைத்தியத்தை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 20 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 19 பேருக்கு விக்கல் நின்றதாக 1971-இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். நீரிழிவுக்காரர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். மயிலிறகைச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்துக் கொடுக்கும் சித்த மருத்துவ முறையையும் பலர் அறிவர். "நீ அந்தப் பணத்தை எடுத்தாயாமே!" என்று பிள்ளைகளைப் பொய்யாக அதட்டும் வழக்கமும் உண்டு, அதிர்ச்சியில் மூச்சு ஒரு கணம் நிற்பதால் சில வேளை பலிக்கிறது. இதய நோயாளியிடமும் முதியோரிடமும் இந்த விளையாட்டு ஆகாது. கண்ணை அழுத்துவது, கழுத்து நரம்பைப் பிடிப்பது போன்றவற்றையும் வீட்டில் செய்யலாகாது.

கைக்குழந்தைகளைப் பற்றித் தாய்மார்கள் கலங்க வேண்டியதில்லை. பால் குடித்தபின் வரும் விக்கல் தோளில் சாய்த்துத் தட்டிக் காற்றை வெளியேற்றினால் போய்விடும். நெற்றியில் ஈர நூலை ஒட்டுவதால் நன்மையோ தீமையோ இல்லை. ஆனால் ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு விக்கலுக்காகத் தண்ணீர் புகட்டுவதும், ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவுவதும் தீங்கு தரும்.

மருத்துவர்கள் போட்டிருக்கும் எல்லைக்கோடு 48 மணி நேரமாகும். அதைக் கடந்த விக்கலை நீடித்த விக்கல் என்பர். ஒரு மாதத்தைக் கடந்ததை அடங்காத விக்கல் என்பர். இது பெரும்பாலும் ஆண்களையே, அவர்களிலும் நடுவயதைக் கடந்தவர்களையே பற்றுகிறது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஆஸ்போர்ன் என்பவருக்கு 1922-இல், பன்றியொன்றை எடை போடும்போது தொடங்கிய விக்கல் 1990-இல்தான் நின்றது. 68 ஆண்டுகள்! விக்கலோடே மணந்து, பிள்ளைகளையும் வளர்த்து, விக்கல் நின்றபின் ஓராண்டளவே அவர் வாழ்ந்தார். இது அரிதினும் அரிது. ஆயினும் ஒரு வாரம் நீடித்தாலே உண்ண முடியாமல், உறங்க முடியாமல் மனிதர் துவண்டு போவதை அருகிலிருந்து கண்டவர் அறிவர்.

நம் திருச்சபை வரலாற்றிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1954-ஆம் ஆண்டில் நெடுநாள் விக்கலால் பெரிதும் வருந்தினார். உலகமெங்கும் செய்தித்தாள்கள் அதை எழுதின. அவர் இறந்துவிடுவார் என்றே பலரும் அஞ்சினர். விக்கலுக்குப் பின்னால் இரைப்பை அழற்சி இருந்தது. அவர் தேறி, 1958 அக்டோபர் வரை வாழ்ந்தார். அண்மைக் காலத்தில், 2021 ஜூலையில், அன்றைய பிரேசில் அதிபர் போல்சனாரோ பத்து நாளுக்கு மேல் நிற்காத விக்கலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய குடலில் அடைப்பு இருப்பது தெரியவந்தது. 2018-இல் கத்திக்குத்துப் பட்டு அறுவை சிகிச்சைகள் நடந்த வயிறு அது. விக்கல் ஒன்றே பல நாள் முன்னதாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது.

இனி நம் ஏரிக்கரைக்கு வருவோம். விக்கலுக்கு நூற்றுக்கு மேற்பட்ட காரணங்களை மருத்துவ நூல்கள் அடுக்குகின்றன. அவை அனைத்தையும் சொல்லி வாசகரை மலைக்கவைப்பது நம் நோக்கமன்று. கடலோர உழைப்பாளியின் வாழ்வுக்கு அருகிலிருப்பவை சில.

முதலாவது வயிறு. விடியுமுன் வெறும் வயிற்றில் தேநீரும் பீடியுமாகப் புறப்பட்டு, கரை திரும்பியதும் காரக் குழம்பை அவசரமாய் உண்டு படுப்பவருக்கு இரைப்பை அமிலம் மேலெழுந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கும். மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீடித்த விக்கலுக்கு மிகுதியாகக் காணப்படும் காரணம் இதுவே. மருந்தாலும் உணவு முறையாலும் அடங்கக்கூடியதும் இதுவே.

அடுத்தது கல்லீரல். அசுத்தமான நீர் வழியே புகும் அமீபா என்னும் நுண்ணுயிர் கல்லீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்குகிறது. மதுப்பழக்கமுள்ள நடுவயது ஆண்களிடம் நம் நாட்டில் இது மிகுதி. கல்லீரலின் கூரையே உதரவிதானம். கட்டி மேல்நோக்கிப் பெருத்தால் விக்கல் வருகிறது. இங்கே ஓர் ஏமாற்று வேலையும் நடக்கிறது. உதரவிதான நரம்பும் தோள்பட்டைத் தோலின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் புறப்படுவதால், நோய் கல்லீரலில் இருக்க, வலி வலத் தோளில் தெரியும். வலை இழுத்த வலி என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்! காய்ச்சல், வல விலாவின் கீழ் வலி, விக்கல் என மூன்றும் சேர்ந்தால் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மாத்திரைகளாலேயே பெரும்பாலும் குணமாகும் நோய் இது. தேவையானால் ஊசியால் சீழை எடுத்துவிடுவர். உடைந்து போகும் வரை விட்டுவிட்டால்தான் உயிருக்கு ஆபத்து. நுரையீரலின் அடிப்பகுதியில் வரும் சளிக்காய்ச்சலும் இதே போன்று விக்கலை உண்டாக்கும்.

மூன்றாவதை மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மீதே அமர்ந்திருக்கிறது. அச்சுவருக்கு இரத்தம் தடைப்படும் மாரடைப்பில், குறிப்பாக நீரிழிவுள்ள முதியோருக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் விக்கலும் வியர்வையும் குமட்டலும் மட்டும் காணப்படலாம். 'வாயுத் தொல்லை' என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்து விடியும்வரை காத்திருப்பது இங்கே பெரும் பிழை. விக்கலோடு வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ 48 மணிக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அந்த நேரமே 108-ஐ அழைக்க வேண்டும். இ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். அவ்வாறே, விக்கலோடு தலை சுற்றி, குரல் கம்மி, விழுங்க இயலாமல், முகத்தின் ஒரு பக்கம் மரத்துப் போனால் அது மூளையின் அடித்தண்டில் ஏற்பட்ட பக்கவாதமாக இருக்கலாம்.

உப்பு நீரின் நடுவே வாழ்பவரின் உடலில் உப்புக் குறைந்து விக்கல் வருவது ஒரு வியப்பு. நம் இரத்த நீரில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருக்க வேண்டும். வாந்தி பேதியாலும், இரத்த அழுத்தத்திற்காகக் கொடுக்கப்படும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகளாலும், 'உப்பைக் குறை' என்ற அறிவுரையை உப்பே கூடாது என்று முதியோர் எடுத்துக்கொள்வதாலும் இந்த அளவு சரிகிறது. முதலில் சோர்வு, பின்னர் விக்கல், அதன்பின் பிதற்றல், இறுதியில் நினைவிழப்பு. வீட்டார் இதைக் கண்டு முடிவு நெருங்கிவிட்டது என்று சுற்றத்தாருக்குச் சொல்லியனுப்புகிறார்கள். ஓர் இரத்தப் பரிசோதனையும், மருத்துவமனையில் மெல்ல மெல்ல ஏற்றப்படும் உப்பு நீரும் அவரை எழுப்பி உட்காரவைக்கக் கூடும். மெல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. உப்பை வேகமாக ஏற்றினால் மூளை கெடும். ஆகவே வீட்டில் உப்பைக் கரைத்துப் புகட்டுவது வைத்தியமாகாது.

சிறுநீரகம் பழுதுற்று இரத்தத்தில் கழிவுகள் தேங்கினாலும் விக்கல் விடாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுப்பவை என்பதை யாவரும் கேட்டிருக்கிறோம். தோள் வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகளும் அவ்வாறே கெடுக்கும் என்பதை அவ்வளவாகக் கேட்டதில்லை. முறையான மருத்துவம் பயிலாதவர்கள் போடும் 'வலி ஊசி'களில் கலந்திருக்கும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளோ தாமாகவே விக்கலை உண்டாக்கவல்லவை. ஊசி போட்ட ஓரிரு நாளில் விக்கல் தொடங்கியதாயின் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடையே ஒரு செய்தி: சிறுநீரக நோயாளிகள் நட்சத்திரப் பழத்தை ஒரு துண்டும் உண்ணலாகாது. அதிலுள்ள நஞ்சு அவர்கள் உடலில் தேங்கி, முதல் அறிகுறியாக நிற்காத விக்கலையே தருகிறது.

சில வேளைகளில் காரணம் சிரிப்பை வரவழைக்கும். காதுக்குள் விழுந்த ஒரு மயிர் செவிப்பறையைத் தீண்டிக்கொண்டிருந்ததால் வந்த விக்கலை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. மயிரை எடுத்ததும் விக்கல் நின்றது. எனவே நல்ல மருத்துவர் காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பார்.

மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு விடையை முன்னரே நினைவில் வைத்திருப்பது நல்லது. விக்கல் தொடங்கி எத்தனை நாள்? உறக்கத்திலும் தொடர்கிறதா? காய்ச்சல், வாந்தி, எடைக் குறைவு உண்டா? என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறார்? மாத்திரை அட்டைகளை, காலியானவற்றையும் சேர்த்து, பையோடு எடுத்துச் செல்வதே சிறந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. கொண்டுவரும் ஊழியரிடம் விக்கலையும் ஒரு சொல் சொல்லி வைக்கலாம். குருவானவரை அழைத்து நோயில் பூசுதல் பெறுவது நம் கடமையும் ஆறுதலும் ஆகும். அது பிழைக்க வேண்டிய நோயாளிக்கும் உரிய அருட்சாதனம். குருவானவர் வந்து போகட்டும் என்று வண்டியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

சிகிச்சை என்பது முதலில் காரணத்தைத் தீர்ப்பதே. அதோடு விக்கலை அடக்கவும் மருந்துகள் உண்டு. குளோர்புரோமசின் என்பது 1950-களிலிருந்து வழக்கிலிருப்பது. விக்கலுக்கென்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை ஒப்புதல் அளித்த ஒரே மருந்தும் அதுவே. மனநோய்க்கும் அதே மருந்து தரப்படுவதால், கடைக்காரர் ஏதேனும் சொல்லிவிட, "எங்கள் அப்பாவுக்குப் பைத்தியமா?" என்று குடும்பத்தார் மாத்திரையை எறிந்துவிடுவதும் நடக்கிறது. அப்படியன்று, மூளைத்தண்டில் விக்கலைத் தூண்டும் இடத்தை அது அமைதிப்படுத்துகிறது. பாக்லோஃபென், காபாபென்டின், மெட்டோகுளோபிரமைடு என்பனவும் நோயாளியின் நிலைக்கேற்பக் கொடுக்கப்படுகின்றன. பாக்லோஃபென் சிறுநீரகம் கெட்டவருக்கு நினைவையே மயக்கிவிடக் கூடியது; ஆதலால் அடுத்த வீட்டாருக்குக் கேட்ட மாத்திரையை நாமும் வாங்கி விழுங்கலாகாது. எதற்கும் அடங்காத சிலருக்கு உதரவிதான நரம்பை ஊசியால் மரக்கச் செய்வதும் உண்டு. தண்ணீரை வலிந்து உறிஞ்சி விழுங்கவைக்கும் ஒரு குழாய்க் கருவியை டெக்சாஸ் மருத்துவர் ஒருவர் செய்து, 2021-இல் அதைப் பற்றி எழுதினார். பயன்படுத்தியவர்கள் மெச்சுகிறார்கள், ஆனால் அது சாதாரண விக்கலுக்கே ஏற்றது.

இந்த மாத்திரைகள் பலவும் உறக்கத்தைத் தருபவை. குளோர்புரோமசின் உட்கொண்டவர் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருண்டு விழக்கூடும். தரையில் விழுந்தாலே எலும்பு முறியும் வயதில், படகின் விளிம்பில் நின்று வலை வீசும்போது கண் இருண்டால் என்ன ஆகும் என்பதை மீனவக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை தொடரும் நாட்களில், பாடு வந்தாலும், ஏரிக்கு மகனோ தம்பியோதான் போக வேண்டும். மது அறவே கூடாது. விக்கல் நின்றபின் எத்தனை நாள் மாத்திரையைத் தொடர்வது, எப்போது மறுபடி படகேறுவது என்பதையும் மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன்னே கேட்டு, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.